சீப்புச் சின்னத்துக்காரன் பொண்டாட்டி

கொளஞ்சியப்பனுக்குத் தலையில் முடி கிடையாது. கல்யாணத்தின்போதே நெற்றி ஏறிப்போய்த்தான் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் காதுகளுக்கு மேலே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததோடு சரி. அப்படிப்பட்டவனுக்கு ஊராட்சித் தலைவர் தேர்தலில் சீப்புச் சின்னம் ஒதுக்கினார்கள். சேதி வந்த அன்று வேலங்குப்பம் முழுக்கச் சிரித்தது. டீக்கடையில் சிரித்தார்கள், பால் சொசைட்டியில் சிரித்தார்கள், நிலக்கரிச் சுரங்கத்துக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ்ஸில் சிரித்தார்கள். ராஜேந்திரனை எதிர்த்து நின்றதே பெரிய வேடிக்கை, அதில் சீப்பு வேறு.

பொண்டாட்டி வீராயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கொட்டகையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவித்துக் காயவைத்த கொட்டையை மெஷினின் இரண்டு பல்லுக்கு நடுவில் வைத்துக் காலால் கட்டையை மிதித்தால் ஓடு பிளக்கும், உள்ளே பருப்பு முழுசாக வர வேண்டும். ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்கார வேண்டும். எவ்வளவு பூசினாலும் அவள் விரல் நுனிகள் கறுத்துத் தடித்துப் போயிருந்தன. சுரங்கத்து டவுன்ஷிப்பில் கைரேகை வைக்கச் சொல்கிற எந்த மெஷினும் அவள் விரலை ஏற்றுக்கொண்டதில்லை.

"சீப்புன்னா என்னா தப்பு? எல்லா வூட்டுலயும் இருக்கற பொருளு" என்றான் கொளஞ்சியப்பன்.

"ஒன் தலையத் தவிர எல்லாத் தலைக்கும் தேவப்படற பொருளு."

"அதான் சொல்றன். எனக்குன்னு நான் ஒண்ணும் கேக்கல. ஊருக்காகத்தான் நிக்கிறன். நல்லா இருக்குது இல்ல? இதையே மைக்குல சொல்லலாம்."

"சொல்லு. சொல்லிட்டு எங்கனா ஓடிப்போயிடு. எங்கள வுட்டுடு."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ராஜேந்திரன் மூன்று முறையாகத் தலைவர். மூன்று முறையும் போட்டியே கிடையாது. ஆளுங்கட்சியில் ஒன்றியப் பொறுப்பு அவரிடம். சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் கூலியாட்களை அனுப்புகிற சப் காண்ட்ராக்டும் அவரிடம். அவர் கை காட்டினால் கேட் பாஸ், கையை இறக்கினால் வீட்டில் அடுப்பு எரியாது. நூறுநாள் வேலை, தொகுப்பு வீடு, ஸ்டேஷனில் புகார் எல்லாம் அவர் வாசல் வழியாகத்தான். மேலே இருக்கிற ஆட்சியும் அப்படித்தான் நடந்தது. கூட்டம் போட்டால் கேஸ், போனில் எழுதினால் கேஸ், கேள்வி கேட்டால் கேஸ். அந்தத் தேர்தலில் சுற்றுப்பட்டு ஊர்களில் எதிர்த்து மனு போட்டவர்கள் ஒவ்வொருவராக வாபஸ் வாங்கினார்கள். ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்குப் போய்விட்டார். இன்னொருவர் ஆளுங்கட்சிக்காரர் போட்ட பொன்னாடையோடு போட்டோவில் சிரித்துக்கொண்டு நின்றார். வாபஸ் வாங்கக் கடைசி நாள் முடிந்தபோது வேலங்குப்பத்தில் மட்டும் ஒரு பெயர் மிஞ்சியிருந்தது.

கொளஞ்சியப்பனும் முன்பு ராஜேந்திரனிடம் காண்ட்ராக்டில் இருந்தவன்தான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற வேலை. கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து, ஏரி மண்ணை லாரி லாரியாக அள்ளுகிறார்களே, அந்த மண் எங்கே போகிறது என்று கேட்டான். மறுநாள் கேட் பாஸ் போயிற்று. "கேள்வி கேக்கறவன் எலெக்சன்ல நின்னு பாக்கறது" என்று ராஜேந்திரனின் ஆள் ஒருவன் டீக்கடையில் சொன்னான். கேலிக்குச் சொன்னது. இவன் நின்றுவிட்டான்.

பிரசாரம் தொடங்கி நாலாவது நாள் காலையில் போலீஸ் வந்தது. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. அனல்மின் நிலையத்துப் புகை பனியோடு சேர்ந்து தெருவுக்கு மேலே பாயாகக் கிடந்தது. கொளஞ்சியப்பன் பழைய சோற்றில் மொச்சைக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"தலைவரு கட்சிக் கொடிக்கம்பத்த ஒடச்சிருக்க. கேட்டவங்கள கல்லால அடிச்சிருக்க. கெளம்பு" என்றார் ஏட்டு.

மகள் இசைப்பிரியா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். டவுன்ஷிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்காருகிற வேலை. "எந்தக் கம்பம் சார்? எப்ப ஒடச்சாரு? ராத்திரி பூரா வூட்டுலதான இருந்தாரு" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ படிச்ச பொண்ணு. ஒம் பேரையும் சேத்து எழுத வெச்சிடாத."

வீராயி மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஏட்டைப் பார்த்து, "துன்னுட்டு வரட்டுங்க" என்றாள்.

ஏட்டு கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். அப்புறம் வெளியே போய் ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டார். கொளஞ்சியப்பனால் சாப்பிட முடியவில்லை. இரண்டு வாய் போட்டுக்கொண்டு கையைக் கழுவினான். சட்டையைப் போடும்போது பொத்தான் மாறிப் போயிற்று. வீராயிதான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"சொன்னன் இல்ல? சொன்னன் இல்ல?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினைந்து நாள் ரிமாண்ட் என்றார்கள். ஓட்டுப்பதிவெல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

அன்று மத்தியானமே முந்திரி வியாபாரியின் வண்டி வந்து, உடைக்காமல் இருந்த மூட்டையை ஏற்றிக்கொண்டு போயிற்று. "முதலாளி சொல்லிட்டாரு, நான் என்னாம்மா பண்ணுவன்" என்றான் வண்டிக்காரன். கொட்டகையில் மெஷின் மட்டும் நின்றது. வருஷக்கணக்கில் விடாமல் உழைத்த கால் சும்மா இருக்க முடியாமல் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவள் விளக்குமாற்றை எடுத்து ஏற்கெனவே கூட்டிய வாசலை மறுபடியும் கூட்டினாள்.

சாயங்காலம் அறிவுச்செல்வன் வந்தான். பலாப்பழக் காலத்தில் காடாம்புலியூருக்கும் பண்ருட்டிக்கும் பழம் ஏற்றுகிறவன், மற்ற நாளில் கிடைத்த லோடு. கொளஞ்சியப்பனுக்குச் சின்ன வயசிலிருந்து சிநேகிதன். பிரசாரத்துக்கு அவனுடைய லோடு ஆட்டோவுக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள்.

"அண்ணி, வண்டி சும்மா நிக்குது. மைக் செட்டும் நிக்குது. வேட்பாளர் இல்லன்னாலும் வூட்டுக்காரங்க ஓட்டு கேக்கலாமாம். கேஸுக்கு வெச்ச வக்கீல் சொல்றாரு."

"அதுக்கு?"

"நீங்க வந்து முன்னால ஒக்காந்தா போதும். நான் பேசிக்கிறன்."

"எனக்கு வேற வேல இல்ல? அந்தாளு போட்ட ஆட்டத்துக்கு நான் தாளம் போடணுமா?"

உள்ளேயிருந்து இசைப்பிரியா வந்தாள். "சித்தப்பா, நான் வரன். லீவு சொல்லிட்டன்."

வீராயி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். வயசுப் பெண். ஆட்டோவில் நின்றுகொண்டு தெருத்தெருவாக மைக்கைப் பிடித்துப் பேசுவாள். ராஜேந்திரனின் ஆட்கள் பின்னாலேயே பைக்கில் வந்து வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

"நீ ஒண்ணும் போவ வேணாம். வேலைக்குப் போ" என்றாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "நானே வந்து தொலையறன்."

மறுநாள் காலையில் வடக்குத் தெருவில் ஆட்டோ நுழைந்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. ஓங்கிச் சாத்தவில்லை. யாரோ காற்றுக்கு அடைப்பதுபோல மெதுவாகச் சாத்தினார்கள், அதுதான் இன்னும் வலித்தது. கஸ்தூரியம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். அவளுடைய இரண்டு மகன்களும் ராஜேந்திரனிடம் காண்ட்ராக்ட்.

அறிவுச்செல்வன் மைக்கில் "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தான். தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று நாள் கத்திய தொண்டை, பனி வேறு. இருமினான். மறுபடி ஆரம்பித்தான். காற்றுதான் வந்தது.

"இப்பிடிக் குடு" என்று வீராயி மைக்கை வாங்கினாள். வாங்கிவிட்டாளே தவிர என்ன பேசுவது என்று தெரியவில்லை. சாத்தின கதவுகளைப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம், கடைசியில் புருஷன்மேலேயே போய் நின்றது.

"இந்த மனுசனப் பத்திப் பெரும பேச நான் வரல. அவரால நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். கடைக்குப் போயி உப்பு வாங்கிகினு வாய்யான்னு அனுப்பினா, வழியில எவனுக்காவது மனு எழுதிக் குடுத்துகினு ஒக்காந்துகினு இருப்பாரு. கொழம்பு கொதிச்சி அடங்கிப்போவும், உப்பு வந்து சேராது. ஒரு நாளு உப்பில்லாத கொழம்பத்தான் ஊத்தினன். அதயும் நல்லா இருக்குதுன்னு துன்னுட்டுப் போனாரு. அப்பிடிப்பட்ட ஆளு."

ஒரு கதவு கொஞ்சம் திறந்தது.

"கொடிக்கம்பத்த ஒடச்சிட்டாருன்னு புடிச்சிகினு போயிருக்காங்க. கொல்லையில முருங்க மரம் இருக்குது. கொழம்புக்கு ஒரு கெளைய ஒடிச்சிக் குடுய்யான்னா, மரத்துக்கு வலிக்கும்னு நிக்கிற ஆளு அவரு. எனக்கு ஒரு முருங்கக் கெளைய ஒடிச்சிக் குடுத்ததில்ல. இரும்புக் கம்பத்த ஒடச்சாராம்!"

யாரோ ஒரு பெண் உள்ளேயிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. ஒரு கிழவர் வெளியே வந்து, மேலே என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க நின்றார்.

"அண்ணி, சின்னத்தச் சொல்லுங்க" என்று அறிவுச்செல்வன் கிசுகிசுத்தான்.

"சின்னம் சீப்பாம். அவருக்கு எதுக்குக் குடுத்தாங்கன்னு எனக்கும் வெளங்கல. ஒங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேணாம்."

தெருவே சிரித்தது.  வீராயி ஆட்டோவை அடுத்த தெருவுக்கு விடச் சொன்னாள்.

அதன்பிறகு அவள் தினமும் போனாள். மேலத்தெரு, காலனி, சுரங்கத்திலிருந்து இறைத்துவிடுகிற தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டிய வீடுகள், முந்திரித் தோப்புக்குள் தனித்தனியாக இருக்கிற குடிசைகள். எங்கே போனாலும் புருஷனைத் திட்டினாள். திட்டத் திட்டக் கூட்டம் கூடியது. பெண்கள் அவரவர் வீட்டுக்காரர்களையும் சேர்த்துத் திட்டினார்கள். ஆனால் யாரும் "ஓட்டு போடறோம்" என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கேழ்வரகு அடை சுட்டுக் கொடுத்தார்கள், கொல்லைப்புறமாக வரச்சொல்லி.

பிரசாரத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் அய்யனார் வந்தான். வீராயிக்கு உடன்பிறந்த தம்பி. ராஜேந்திரனின் காண்ட்ராக்டில் சூப்பர்வைசர். நீல ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அக்கா கொடுத்த டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, தலைவரு ஒண்ணு சொல்லி அனுப்பினாரு."

"சொல்லு."

"நாளைக்கு அஞ்சு மணியோட பிரசாரம் முடியுது. அதுக்குள்ள பஸ் ஸ்டாப்புல நின்னு, மாமா போட்டியிலேருந்து வெலகிட்டாரு, எல்லாரும் தலைவருக்கே போடுங்கன்னு நீ மைக்குல சொல்லணுமாம். சொன்னா கேஸ் ஒண்ணும் இல்லாம பண்ணிடறாராம். மாமாவுக்கு மறுபடியும் பாஸ். இசைக்குக்கூட ஏதாச்சும் பாக்கறன்னாரு."

"தேதிதான் போயிடுச்சே. இனிமே எப்பிடி வெலகறது? ஓட்டுச் சீட்டுல பேரு அச்சடிச்சிட்டாங்க."

"பேரு இருந்தா இருக்கட்டும்ன்றாரு. மூணு தடவையும் எதிர்ப்பே இல்லாம வந்தவரு. இந்த தடவ மாவட்டப் பதவி குடுக்கறதா மேல சொல்லியிருக்காங்க. ஊருக்குள்ள ஒரு எதிர்ப்புக் குரல் இல்லன்னு காட்டணும் அவருக்கு."

"சொல்லலன்னா?"

அய்யனார் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா மேல இன்னும் ரெண்டு கேஸ் தயாரா இருக்குதாம். அப்பறம்..."

"அப்பறம்?"

"எனக்கும் சூப்பர்வைசர் வேல இருக்காதுக்கா. ஒன்ன அடக்கத் துப்பில்லாதவன் பத்து ஆள எப்பிடி மேய்ப்பான்னு கேக்கறாரு. எல்லார் எதிர்லயும் கேக்கறாரு." ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். "புள்ளைங்கள இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்துட்டன்க்கா."

வீராயி தம்பியின் தலையைத் தடவினாள். சின்ன வயசில் அவனைத் தூக்கிக்கொண்டு சுற்றிய இடுப்பு அவளுடையது. "டீய குடி. ஆறுது" என்றாள். "நான் எதுவும் சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில ஒன் மாமாவ ஜெயில்ல போயிப் பாத்துட்டு வரன். அவரு என்னா சொல்றாரோ."

மறுநாள் காலையில் அறிவுச்செல்வனின் வண்டியில் கிளைச்சிறைக்குப் போனாள். மனு கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் நெடுநேரம் காத்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வரிசைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கொளஞ்சியப்பன் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. தலையில் இல்லாத முடியெல்லாம் முகத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. வீராயிக்கு அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று தோன்றியது. அவன் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"அடிச்சாங்களா?"

"இல்ல." கொஞ்சம் பொறுத்து, "இங்க அடிக்கல" என்றான்.

அவள் அய்யனார் சொன்னதைச் சொன்னாள். சுற்றிலும் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் அவளும் கத்த வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவன் தலையை ஆட்டினான்.

"சொல்லிடு."

"என்னா?"

"சொல்லிடு வீராயி. வெலகிட்டாருன்னு சொல்லிடு. இன்னும் ரெண்டு கேஸ்னா நான் வெளியவே வர முடியாது. இங்க ஒருத்தரு இருக்காரு, ஒன்ற வருசமா. எதுக்கு புடிச்சாங்கன்னே அவருக்கு மறந்துபோச்சி. என்னால முடியாது." அவன் கம்பிவலையில் விரல்களை நுழைத்துக்கொண்டு அழுதான். "நீ சொன்னதுதான் சரி. நான் நின்னதே தப்பு. ஏரி மண்ணு எங்க போனா எனக்கென்னா?"

வீராயி அவன் அழுது பார்த்ததில்லை. மாமியார் செத்தபோதுகூடக் கொல்லைக்குப் போய்த்தான் அழுதான். "சரி, சொல்லிடறன். அழாத" என்றாள். "துன்னியா? என்னா போடறாங்க?"

"கூழு."

"உப்பு போடறாங்களா?"

அவன் அழுகைக்கு நடுவே தலையசைத்தான். நேரம் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

அதே வண்டியில் திரும்பினாள். சாலையின் ஒரு பக்கம் சுரங்கத்து மண்மேடு மலைபோல நீண்டு வந்தது. முன்னெல்லாம் அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், நீ நின்றது தப்பு என்று. அதையே அவன் வாயால் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் திட்டியது வேறு. இவர்கள் அவனை இப்படிச் சொல்ல வைத்தது வேறு. அவனைத் திட்ட அவளுக்கு உரிமை இருந்தது. இவர்களுக்கு என்ன இருக்கிறது?

பஸ் ஸ்டாப்பில் கூட்டம் இருந்தது. ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் கரி படிந்த முகத்தோடு, டிபன் பையோடு நின்றார்கள். ராஜேந்திரனின் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், வீராயி பேசப்போவதை வீடியோ பிடிக்க போனைத் தயாராக வைத்துக்கொண்டு. சற்றுத் தள்ளி போலீஸ் ஜீப். அய்யனார் கூட்டத்துக்குப் பின்னால் புளியமரத்தில் சாய்ந்து நின்றான். இசைப்பிரியா வேலையிலிருந்து நேராக அங்கேயே வந்திருந்தாள்.

வீராயி ஆட்டோவின் பின்பக்கம் ஏறினாள். அறிவுச்செல்வன் மைக்கைக் கொடுத்தான். அவனிடம்கூட அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று சொல்லியிருக்கவில்லை.

"காலையில அவரப் போயிப் பாத்தன்" என்று ஆரம்பித்தாள். "தாடி வளந்து கெடக்குது. எளச்சிப் போயிட்டாரு. நான் போட்டியிலேருந்து வெலகிட்டன்னு ஊருல சொல்லிடுன்னு சொன்னாரு. கேஸ் மேல கேஸ் போடுவன்றாங்க, பயமா இருக்குது, சொல்லிடுன்னாரு. சொல்லிடறன்னு நானும் வாக்குக் குடுத்தன். அதான் சொல்றன். அவரு வெலகிட்டாராம்."

நாற்காலியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் போனை இன்னும் உயர்த்திப் பிடித்தான்.

"அவரு சொல்லச் சொன்னத சொல்லிட்டன். இப்ப நான் சொல்றது. அந்தக் கம்பிக்கு அந்தாண்ட நின்னா நீங்களும் அதத்தான் சொல்லுவீங்க. நானும் அதத்தான் சொல்லுவன். அடச்சி வெச்சி வாங்கற வார்த்த ஒரு வார்த்தையா? வெளியில இருக்கறப்ப அவரு என்னா கேட்டாரு? ஏரி மண்ணு எங்க போவுதுன்னு கேட்டாரு. அத மட்டுந்தான் கேட்டாரு. பதில் சொல்லியிருந்தா கேட்டுட்டு வூட்டுக்கு வந்து உப்பில்லாத கொழம்ப துன்னுட்டுப் படுத்திருப்பாரு."

"ஏய், மைக்க நிறுத்து" என்று ஒருவன் எழுந்தான். ஜீப் பக்கத்திலிருந்து போலீஸ்காரர் ஒருவர் நடந்து வர ஆரம்பித்தார். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் வழியில் நின்றிருந்தார்கள். வேண்டுமென்று மறித்ததாகச் சொல்ல முடியாது. நகர்ந்து வழிவிடவும் இல்லை.

"எனக்கு பயமாத்தான் இருக்குது. காலு ஆடுது, பாத்துக்கோங்க. என் தம்பிக்கு வேல போயிடும். எம் பொண்ணுக்கு என்னா வரும்னு தெரியல. ஆனா சீட்டுல அவரு பேரு இருக்குது. அத என்னாலயும் அழிக்க முடியாது, அவராலயும் அழிக்க முடியாது. ஓட்டு போடற அந்த மறைப்புக்குள்ள நீங்க ஒத்தையாதான் நிப்பீங்க. அங்க யாரும் ஒங்க பக்கத்துல நிக்க மாட்டாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

மைக்கின் ஒயரை யாரோ பிடுங்கினார்கள். அதற்குள் அவள் பேசி முடித்திருந்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.  இசைப்பிரியா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜேந்திரன்தான் ஜெயித்தார். நூறுக்கும் குறைந்த ஓட்டு வித்தியாசம். வாங்கி வைத்திருந்த பட்டாசை வெடித்தார்கள், ஆனால் மாலை வாங்கிக்கொள்ளும்போது அவர் முகம் தெளியவில்லை என்று எண்ணுகிற இடத்துக்குப் போயிருந்தவர்கள் சொன்னார்கள். மாவட்டப் பதவி வேறு யாருக்கோ போயிற்று. அய்யனாரின் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு அவனைக் கரி அள்ளுகிற வேலைக்கு அனுப்பினார்கள். சொன்ன இரண்டு கேஸில் ஒன்றைப் போட்டார்கள். வக்கீல் அலைந்து பொங்கலுக்கு அப்புறம் ஜாமீன் வாங்கினார்.

கொளஞ்சியப்பன் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டான். தட்டில் சோறு வைத்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"நான் பயந்துட்டன்னு ஊரு முன்னால மைக்குல சொன்னியாமே."

"ஆமா."

"நான் எப்பிடி வெளியில தலகாட்டறது?"

"அழுதத சொல்லல" என்றாள் வீராயி. "அது எனக்குள்ள இருக்குது. பயந்தத சொன்னன். பயந்தது என்னா, திருடினதா? அங்க கேட்டுகினு நின்ன அத்தன பேரும் பயந்துகினுதான் நின்னாங்க. நானும்தான். துன்னு."

அவன் சாப்பிட்டான். பாதியில், "எனக்கு இவ்ளோ ஓட்டு போட்டிருக்காங்க, யாருன்னு நெனைக்கிற?" என்று கேட்டான்.

"யாருக்குத் தெரியும்? நாளைக்குப் போயி நன்றி சொல்லணும்."

"தோத்தவன் எவன்டி நன்றி சொல்லிகினு போறான்?"

"ஜெயிச்சவனுக்கு மால போடறதுக்கு ஆளு இருக்குது. நமக்கு போட்டவங்க என்னாத்துக்குப் போட்டாங்க? ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"யாரு போட்டாங்கன்னுதான் தெரியாதே."

"அதனால எல்லா வூட்டுக்கும் போவணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முந்திரி மரங்கள் பூவெடுக்க ஆரம்பித்திருந்தன. அந்த வாசனை தெருவெல்லாம் இருந்தது. இரண்டு பேரும் வடக்குத் தெருவிலிருந்து ஆரம்பித்தார்கள். கொளஞ்சியப்பன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முதல் இரண்டு வீட்டில் அவன் கும்பிட மட்டும் செய்தான். கஸ்தூரியம்மாள் கதவைத் திறந்து, "நாங்க யாருக்குப் போட்டோம்னு ஒனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் மெல்லிய குரலில்.

"தெரியாதுங்க ஆயா" என்றான். "சும்மா சொல்லிட்டுப் போவலாம்னு."

கஸ்தூரியம்மாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலிலேயே நின்று, அவன் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அய்யனார் வீட்டில் அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீராயி அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அய்யனார் கிணற்றடியில் கையில் படிந்த கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். மாமனைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையோடு வந்தான்.

"எல்லா வூட்டுக்கும் சொல்றோம் மாப்ள. ஒனக்கும் நன்றி" என்றான் கொளஞ்சியப்பன்.

 அய்யனார் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். அக்கா கிளம்பியபோது, "மத்தியானம் வெயிலேறிடும். சீக்கிரம் முடிச்சிட்டு வூட்டுக்குப் போங்க" என்றான்.

ஊரின் கோடியில் ராஜேந்திரனின் மாடி வீடு. அதன் முன்னால் வந்ததும் கொளஞ்சியப்பன் நின்றுவிட்டான்.

"இங்கயுமா?"

"எல்லா வூடும்னு சொன்னோம் இல்ல?"

ராஜேந்திரன் போர்டிகோவில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாமியம்மாள் தூணோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே இருவரும் கையெடுத்துக் கும்பிட்டு நின்றதைப் பார்த்து ராஜேந்திரன் பேப்பரை இறக்கினார்.

"என்னா?"

"ஓட்டு போட்டவங்களுக்கு நன்றி சொல்லிகினு வரோமுங்க" என்றாள் வீராயி.

ராஜேந்திரன் சத்தமாகச் சிரித்தார். "எவ்ளோ திமிரு இருந்தா இங்கயே வந்து நிப்பீங்க? என் வூட்டுல எவன்டா ஒனக்கு ஓட்டு போட்டான்?"

"தெரியாதுங்க" என்றான் கொளஞ்சியப்பன். நிஜமாகவே தெரியாதவன் சொல்கிற மாதிரி, பணிவாகத்தான் சொன்னான். "தெரியாததாலதான் ஒரு வூடு வுடாம சொல்லிகினு வரோம். நாங்க கெளம்பறோமுங்க."

இருவரும் அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள். ராஜேந்திரன் சிரித்த முகத்தோடு, கேட்டீர்களா என்பதுபோல வீட்டுப் பக்கம் திரும்பினார். டிரைவர் குனிந்து டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மருமகள் உதறிய புடவைக்குப் பின்னால் இருந்தாள், முகம் தெரியவில்லை. சாமியம்மாள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒவ்வொருவராக, மறுபடியும் முதலிலிருந்து, அவர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.